எடுத்து வைத்தது: இவருக்கு

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரே கூரைக்குக் கீழே நாற்பது தடுப்புகள், நாற்பது வியாபாரிகள். யாரும் உட்கார்ந்து விற்பதில்லை. சாமானில் தங்கள் தடுப்பின் எண்ணைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். வாசலில் ஒரே கல்லா. பிடித்த பொருளை உடனே எடுத்துப்போக முடியாவிட்டால், கல்லாவில் ஒரு மஞ்சள் சீட்டு வாங்கி, யாருக்கு என்று எழுதி அதில் கட்டிவிடலாம். அப்புறம் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

நான் வந்தது ஒரு மரப்பெட்டிக்காக. என் மனைவியின் துணிப்பெட்டி.

அவள் இறந்து பத்து மாதம். முதல் மாதமே அக்காவைக் கூப்பிட்டு, "அவளோடது எதுவும் வீட்டுல இருக்க வேணாம், எடுத்துட்டுப் போயிடு" என்றேன். அக்கா துணிகளை யார் யாருக்கோ கொடுத்தாள். பெட்டியை இந்தக் கடையின் இருபத்தேழாம் தடுப்புக்காரருக்குக் கொடுத்தாள்.

போன வாரம் ஒரு காலை, மனைவியின் வாசனை நினைவுக்கு வரவில்லை. முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் போனில் இருக்கிறது. வாசனைக்கு அந்தப் பெட்டியை விட்டால் வேறு இடமில்லை.

உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. ஈர அட்டை, துரு, பூட்டிக் கிடந்த அலமாரிகளின் மூச்சு. யார் யாரோ முகம் பார்த்த கண்ணாடிகளில் நான் துண்டு துண்டாகக் கடந்துபோனேன்.

பெட்டி இருந்தது. அதில் மஞ்சள் சீட்டும் இருந்தது.

'எடுத்து வைத்தது' என்ற அச்சு. கீழே நீல மையில் ஒரே சொல்.

இவருக்கு.

'ரு'வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் இழுத்துவிடுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

'இவரே' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். பேர் சொல்லக் கூடாது என்பதெல்லாம் கிடையாது. சும்மா கேலி. பிறகு அதுவே பழகிவிட்டது.

கல்லாவுக்குத் திரும்பி வந்து பெட்டியைக் கேட்டேன். கல்லாக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அதைக் கொடுக்க முடியாது தம்பி. எடுத்து வச்சாச்சு."

"யார் வச்சது?"

"ஒரு பொண்ணு. போன சனிக்கிழமை. யாருக்கும்மான்னு கேட்டா 'இவருக்கு'ங்குது. பேரை எழுதும்மான்னா சிரிக்குது."

"அந்த இவர் நான்தான்."

"நல்லா இருக்கே! கல்யாணம் ஆன ஆம்பளை எல்லாருமே எவளுக்காவது இவர்தான். நாளைக்கு இன்னும் நாலு இவர் வந்து நின்னா நான் என்ன செய்ய?"

"அது என் மனைவிங்க. அவ..."



அப்போது கூப்பிட்டது.

"இவரே..."

கடையின் உள்ளேயிருந்து. மெல்ல. கடைசி எழுத்தை இழுத்து.

"ம்" என்றேன்.

பத்து மாதமாகச் சொல்லாத பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மாள் சிரித்தார். "சரி சரி, நீங்கதான். கூட வந்திருக்காங்கன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஓடினேன். குரல் வந்த வரிசை இருபத்தேழோடு முடிகிறது. அதற்கப்பால் சுவர்.

யாரும் இல்லை.

பெட்டியில் கட்டியிருந்த சீட்டின் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

மண்டியிட்டு மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.

பாலிஷ். டர்பன்டைன். புதிதாக அடித்திருக்கிறார்கள், அடிப்பலகை வரை. அவள் எங்கும் இல்லை. துடைத்தது யாரோ. துடைக்கக் கொடுத்தது நான்.

வெறுங்கையோடு கல்லாவுக்கு வந்தேன்.

"வேணாங்க. வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ற?"

அப்போதுதான் அது வந்தது. துவட்டாத கூந்தலின் ஈரம். இஸ்திரிச் சூடு ஆறாத பருத்தி. அதற்கடியில், நான் ஒரு வாரமாகத் தேடியது. என் கழுத்தோரத்தில், வெதுவெதுப்பாக.

நான் திரும்பவில்லை.

திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம். போகாமல் நின்றால் என்ற பயம் அதைவிடப் பெரிது.

அம்மாள் எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

"மறுபடி துணி வைக்க ஆரம்பிச்சா பழைய வாசனை வந்துடுமாம் தம்பி. வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்ங்கறாங்க."

ரசீதைக் கிழித்தார். கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.

என்னிடம் அல்ல. என் தோளுக்கு மேலாக.

விரல்களை விரித்தார்.

பேனா கீழே விழவில்லை.