மேல்வாசலின் காவல் மாற்றம்

கார்பாத்திய மலையடிவாரத்து ஊரில், கோட்டையின் மேல்வாசலில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழித்த வெண்டெலினுக்கு அன்று கடைசி நாள். நவம்பர் மூடுபனி, மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் எப்போதோ விட்டுப்போயிருந்தன. நாலு மணிக்கு மகள் ஸ்லாவ்கா காரில் வருவாள். இனி அவள் வீட்டில், பேரனோடு, காலை நீட்டி உட்காரலாம். அந்த நினைப்பின் தெம்பில்தான் ஜன்னல் சாத்த மேல்தளத்துக்கு ஏறினார்.

மேலே காலடிச் சத்தம். எட்டு அடி, கொஞ்சம் நின்று, திரும்பவும் எட்டு அடி.

பழகிப்போன சத்தம்தான். கொள்ளைநோய் வந்த வருஷம் வாசலை அடைத்து, மேலே ஒரு காவலனை நிறுத்தினார்களாம். அடுத்தவன் வந்து "காவல் என்னோடது" என்று சொன்னால்தான் அவன் இறங்கலாம். அடுத்தவன் வரவேயில்லை, செத்துப்போயிருந்தான். இங்கே வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: நடக்கிறவன் நடக்கட்டும், நீ வாயைத் திறக்காதே.

இன்று அந்தக் கால் இழுத்து இழுத்து நடந்தது. ஈரக் கம்பளி நாற்றம் வந்தது.

"மாத்த ஆள் வந்தாச்சா?"

அந்தக் குரலில் இருந்த அசதி வெண்டெலினுக்குத் தெரிந்த அசதி. மனசு கேட்கவில்லை. நாம்தான் போகப்போகிறோமே, இவனும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"போய்ப் படு தம்பி. காவல் என்னோடது."

ஒரு பெருமூச்சு. காலடி படியிறங்கி, வாசலைத் தாண்டி, பனிக்குள் போய்விட்டது.

வெண்டெலின் படிக்கு வந்தார். முழங்காலில் வலியே இல்லை.

கால் இறங்கவில்லை.

கீழே கார் வந்து நின்றது. ஸ்லாவ்கா மேலேறி வந்து, ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றும் அவரைப் பார்க்கவில்லை. பயத்தில் அவர் நடக்க, அந்தக் காலடிச் சத்தத்துக்கு அவள் சட்டென்று திரும்பினாள்.

"அப்பா, நீங்கதானே? என்ன செய்யணும்னு சொல்லுங்க. நான் செய்றேன்."

இரண்டே வார்த்தை. சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவாள். பேரன் அங்கே அம்மாவுக்காகக் காத்திருப்பான்.

வெண்டெலின் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

இப்போது டிக்கெட் கிழிக்கிற பெண் சொல்கிறாள். வாரம் முழுக்க மேலே நடை ஓயாதாம். ஞாயிற்றுக்கிழமை அந்த மகள் வந்து நிற்கிற ஒரு மணி நேரம் மட்டும் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதாம்.