முப்பத்தெட்டு மதிப்பெண்

காலை 8.10. சட்டத்துறையின் ஆய்வு அறையில், மேசைமேல் தலை சாய்ந்தபடி அவள் இறந்துகிடந்தாள். பன்னிரண்டு நாட்டு மாணவர்கள் படிக்கும் சர்வதேச முதுகலை வகுப்பில் எதையும் எதிர்த்து வாதாடுகிறவள். 'அப்பீல்' என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்தில் பாதி குடித்த காபி. கையெழுத்தில்லாத, டைப் செய்த கடிதம்: "ஆய்வேட்டுக்கு வெறும் முப்பத்தெட்டு மதிப்பெண். இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது."

காபியில் விஷம் என்றார் டாக்டர்.

"தற்கொலைன்னு எழுதிடலாமா மேடம்?" என்றார் ஏட்டு.

"பொறுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

8.40. உடலை முதலில் பார்த்த தோழியை இன்ஸ்பெக்டர் விசாரித்தார்.

"இந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"நாங்க ரெண்டு பேர். அப்புறம் எங்க ஆய்வை மேற்பார்க்கற கைடு சார்."

"அவருக்கும் இவளுக்கும் எப்படி?"

தோழி குரலைத் தாழ்த்தினாள். "இவ எழுதின மூணாவது அத்தியாயம் அவர் பேர்ல பத்திரிகையில வந்துடுச்சு. இன்னைக்கு டீன்கிட்ட புகார் கொடுக்கறதா இருந்தா."

9.00. அறிவிப்புப் பலகையில் ஆய்வேட்டு மதிப்பெண் முடிவு ஒட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் விரலால் தேடினார். அவள் எண்ணுக்கு நேரே எழுபத்தொன்று.

நேராக அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனார். "அப்போ முப்பத்தெட்டு எங்கிருந்து வந்துச்சு?"

அவர் மதிப்பெண் உறையைப் பிரித்தார். "கைடு போட்டது மேடம். வெளித் தேர்வாளர் எழுபத்தஞ்சு போட்டார். ரொம்ப வித்தியாசம், அதனால மூணாவது ஆளுக்கு அனுப்பினோம். அவர் போட்டதுதான் முடிவு."

"மூணாவது ஆளுக்குப் போனது கைடுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் போட்ட மார்க்கும் அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது."

9.25. கைடு கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். "தோத்துட்டோம்னு மனசு உடைஞ்சிருப்பா, பாவம்."

"அவ தோக்கல சார். எழுபத்தொன்னு."

கைக்குட்டை பாதியில் நின்றது.

"முப்பத்தெட்டுங்கறது ஆபீஸைத் தவிர உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச எண். ஆபீஸுக்கு அது முடிவில்லன்னு தெரியும்; நீங்கதான் அதுவே முடிவுன்னு நம்பி, அவ பேர்ல கடிதம் எழுதிட்டீங்க."

அவர் கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். "டீன்கிட்ட போகாதேன்னு கெஞ்சினேன். முப்பது வருஷ மானம் மேடம்..."

"அவளுக்கு இருபத்தஞ்சு வயசுதான்," என்றபடி எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

வெளியே, முடிவு தெரிந்துகொள்ளத் தங்கையைத் தேடி வந்த அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் இறந்த விஷயத்தைத் தோழி சொல்லிவிட்டிருந்தாள். அவன் கையில் போன் விடாமல் அடித்தது, திரையில் 'அம்மா'.

"பாஸாயிட்டாளா மேடம்?"

"நல்லாவே."

அவன் போனையே பார்த்தான். "ரெண்டுல எதை முதல்ல சொல்றது?"