தரை தொடாத லிப்ட்

“பழைய மோட்டரும் பிரேக்கும் ரெண்டையும் கழட்டவேணும், அன்ரி.”

இணுவில் கலியாண மண்டபத்துக்குள் கால் வைக்கும்போதே லிப்ட் திருத்தும் கம்பனி முதலாளி கோபிசங்கர் கஜானியை எச்சரித்திருந்தார்: “புது மோட்டர் எண்டு மட்டும் கேட்டுப்போடாதை.” அவள் கேட்டேவிட்டாள்.

மண்டப உரிமையாளர் குணலட்சுமியின் முகம் கறுத்தது. “நாளைக்குக் கலியாணம். வயசுபோனதுகள் மேலை ஏறவேணும். வேகத்தைக் கட்டுப்படுத்திற டிரைவ் ஒண்டைப் பூட்டினாக் காணுமெண்டு கோபிசங்கர்தானே சொன்னவர்?”

“லிப்டை மெல்ல ஓட்டினா இந்த மோட்டரின்ரை விசிறியும் மெல்லத்தான் சுத்தும். சூட்டிலை வெந்துபோம். டிரைவுக்கெண்டு செய்த மோட்டர் வேறை.”

“உந்தக் கம்பஸ் படிப்பைப் பிறகு காட்டு,” என்றார் கோபிசங்கர். “டிரைவ் பூட்டியாச்சு, இப்ப இறக்கிப் பார்.”

புகையிலைத் தோட்டத்தில் அப்பா முதுகொடிய உழைத்துப் படிப்பித்த படிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினாள்.

வெறும் லிப்ட் மெல்ல இறங்கியது. தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

மோட்டர் முனகியது. டிரைவின் திரையில் பார எண் ஏறிக்கொண்டே போனது. எதையோ வைத்து அழுத்துவதுபோல.

குனிந்து டோர்ச் அடித்தாள். லிப்டுக்குக் கீழே குழி வெறுமையாகக் கிடந்தது. சந்தன வாசம் மட்டும்.

“விசையைக் கூட்டு,” கோபிசங்கர் கிசுகிசுத்தார். “இறங்கும்.”

கூட்டினாள்.

குழிக்குள் யாரோ மூச்சுத் திணறினார்கள்.

சட்டென்று கையை எடுத்தாள். “ஆர் அண்ணை கீழை?”

“ஒருத்தருமில்லை.” அவர் முகத்தில் பயம் இருந்தது. வியப்பு இல்லை. “சிமியோன் உதுக்குள்ளைதான் கிடந்தவன்.”

முன்பு இந்த லிப்டைப் பார்த்துவந்த மெக்கானிக். போன வருசம் ஆயுதபூசைக்கு மறுநாள், அரிசி மூட்டை ஏற்றிய லிப்ட் நழுவி, குழிக்குள் நின்றவனை நசுக்கியது. அவனுடைய கவலையீனம் என்றே எல்லோரும் கதைத்தார்கள்.

கஜானி பக்கத்து மோட்டர் அறைக்குள் போய், பிரேக் உருளையின் ஓரத்தை ஸ்குரூடிரைவரால் சுரண்டினாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பளமாய்ப் பெயர்ந்தன. மோட்டருக்குப் பொட்டு வைத்தவர்கள், வட்டமாய் இருந்ததென்று பிரேக் உருளையிலும் அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அதில்தான் அன்று பிரேக் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது.

“அன்ரி, பூசினது ஆர்?”

குணலட்சுமி நிலத்தைப் பார்த்தார். “சாமி காரியம், பிள்ளை...”

“உங்களுக்குத் தெரியும். ரெண்டுபேருக்கும் தெரியும்.”

மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்தினாள். தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பைக்குள் வைத்தாள்.

“எங்கை போறாய்?”

“குருநகருக்கு. சிமியோன் அண்ணையின்ரை மனுசியிட்டைச் சொல்ல.”

“வேலை போகும், கஜானி!”

“போகட்டும்.”

வாசலைத் தாண்டும்போது பின்னால் கம்பிவடம் முனகியது. கரண்ட் இல்லாத லிப்ட், மிச்சமிருந்த அந்த ஒரு சாணையும் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கதவு திறந்தது.

குணலட்சுமி அலறினார்.

கஜானி திரும்பவில்லை. வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம் வெறும் லிப்டை மேலேதான் இழுக்கும். உள்ளே ஆள் ஏறாமல் அது இறங்காது.

சந்தன வாசம் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தது.