தடை கோரி ஒரு மனு

ஜெசிந்தாவின் நாவலை மூன்று பேர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு மெய்ப்பாட்டு மோதிரம். இதயத் துடிப்பு, மூச்சு, தோலில் அரும்பும் வியர்வை மூன்றையும் அளந்து, படிப்பவர் உள்ளுக்குள் எவ்வளவு கிளர்ந்திருக்கிறார் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அது சொல்லிவிடும். அதற்கு மெய்யெண் என்று பெயர். மோதிரம் வந்த பிறகு திருச்சி நூலாய்வு மன்றத்தில் யாரும் யாருடைய கருத்தையும் கேட்பதில்லை. எண் எழுபதைத் தாண்டினால் தலைவர் அந்தப் புத்தகத்தைத் தடை செய்யலாம். அடுத்த நிமிடமே எல்லோருடைய மின்னேடுகளிலிருந்தும் அது அழிந்துவிடும். எழுதியவரின் உண்மைப் பெயரும் வெளியாகும்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்பது வயது. பகலில் தில்லைநகரில் பல்செட் செய்து கொடுக்கும் வேலை. ‘இருள்மதி’ என்ற பெயரில் அவள் எழுதும் கதைகளைப் பற்றிக் கணவன் லூர்துவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒற்றுப்பிழை திருத்துவது அவன்தான். சில அத்தியாயங்களைத் திருத்தி முடித்துவிட்டு, மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வருவான்.

கதை இதுதான். பூட்டுகளைத் திறப்பதில் கெட்டிக்காரியான ஒருத்தி, ஏழு அறைகள் கொண்ட ஒரு வீட்டுக்குத் தானாகவே வருகிறாள். வீட்டுக்காரன் கண்களைக் கட்டி அவளை ஒவ்வோர் அறையாக அழைத்துப் போகிறான். ஒவ்வோர் அறையும் முந்தையதைவிட இருட்டு. அங்கே அவன் கேட்பதும் முந்தையதைவிடத் துணிச்சலானது. ஒரே ஒரு சொல்லை அவள் சொன்னால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

வெளியே இருந்த திரையில் மூன்று கோடுகள் ஓடின. நாற்பதாம் பக்கம் வந்தபோது ஜெசிந்தா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆடைகள் நழுவும் பக்கம் அது. கோடுகள் ஐம்பத்தைந்தைத் தொட்டுவிட்டு இறங்கின. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஏழாவது பூட்டு. அங்கே யாரும் யாரையும் தொடவில்லை. கண்கட்டு அவிழாமலே அவள் நிற்கிறாள். வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடு என்கிறான் அவன், குரலைத் தாழ்த்தி. அவள் வாய் திறக்கிறாள். பக்கம் முடிகிறது.

கோடுகள் மூன்றும் சேர்ந்தாற்போல் மேலே ஏறின. எண்பது, எண்பத்தெட்டு. மன்றத் தலைவர் பரமானந்தத்தின் கோடு தொண்ணூற்று நாலில் போய் நின்றது. அறுபத்தோரு வயது மனிதர். புன்னகைத்து யாரும் பார்த்ததில்லை. அவருக்காகக் கொண்டு வைத்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“போச்சு,” என்றான் பக்கத்தில் நின்றிருந்த லூர்து. “ஆனா அந்தப் பக்கத்துல ஒரு ஒற்றுகூட விடல ஜெசி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசாரணை அறையில் பரமானந்தம் அவளை நிமிர்ந்து பார்க்காமலே எண்களைப் படித்தார். இவ்வளவு உயரம் இந்த மன்றம் கண்டதில்லை, தடையைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று வழக்கப்படி கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்,” என்றாள் ஜெசிந்தா. “எப்ப வேணும்னாலும் புத்தகத்த மூடி வெச்சிட்டு எந்திரிச்சு வரலாம்னு உங்க விதியில இருக்கு. ஏன் யாரும் வரல?”

பரமானந்தம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“என் கதையிலயும் அதேதான் சார். அவளால எப்ப வேணும்னாலும் வெளிய வர முடியும். அது தெரிஞ்சதாலதான் அவ்வளவு தூரம் உள்ள போறா. நிசத்துல அப்படி ஒரு இருட்டுக்குள்ள நம்மால போக முடியுமா? புத்தகத்துல போயிட்டுப் பத்திரமா திரும்பி வரலாம்.”

மன்ற உறுப்பினரான மருத்துவர் வைதேகி அதற்குள் மூன்று மோதிரங்களையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த அரை மணி நேரத்துக்குப் பிறகான அளவுகளை அவர் வாசித்தார். மூவருக்கும் மெய்யெண் காலையில் இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. கருவி வைத்துப் பார்த்தபோது பரமானந்தத்தின் இரத்த அழுத்தமும் மூன்று ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சீராக இருந்தது.

“காலையில மாத்திரை போட்டீங்களா சார்?” என்று வைதேகி கேட்டார்.

மறந்துவிட்டதாகப் பரமானந்தம் ஒப்புக்கொண்டார். பிறகு, அந்தச் சொல்லைக் கடைசிவரை அவள் சொல்கிறாளா இல்லையா, தனக்குச் சரியாகப் புரியவில்லை என்றார். இரண்டாம் பாகத்தில் தெரியும் என்றாள் ஜெசிந்தா. அப்போதுதான் அவர் புன்னகைத்தார்.

புத்தகத்துக்கு அனுமதி கிடைத்தது. அட்டையில் மெய்யெண் தொண்ணூற்று நாலு என்று அச்சிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டு வாரத்தில் அது ஊரெல்லாம் பரவியது. இருள்மதி தான்தான் என்று ஜெசிந்தாவே சொல்லிவிட்டாள். பல்செட் கடைக்கே வாசகிகள் வரத் தொடங்கினார்கள். பங்குக் கோயில் மாதர் சங்கத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினாள், ஒருவரும் எழுந்து போகவில்லை. வாசகர்களும் மோதிரம் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். எல்லோர் விரலிலும் ஏறக்குறைய அதே எண்தான் ஓடுகிறது என்று தெரிந்தபின் யாருக்கு யாரைப் பார்த்து வெட்கம்? எழுபது என்ற வரம்பையே அரசு எடுத்துவிட்டது.

அதன் பிறகு ஒன்று நடந்தது. வரம்பு போன ஆறே மாதத்தில் எல்லாப் புத்தகங்களின் எண்ணும் இறங்கத் தொடங்கியது. ஏழாவது பூட்டு வரும் பக்கமே வாசகர்களிடம் ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. ஒரு வாசகி சமையல் குறிப்புக்குப் போய்விட்டதாகக் கடிதம் எழுதினாள்.

ஜெசிந்தா இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மன்றத்துக்குப் போனாள். இந்தத் தடவை மனு வேறு.

“இதத் தடை பண்ணுங்க சார். ஒரு மாசம் போதும்.”

தீங்கில்லாத புத்தகத்தை எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுப்பது என்று பரமானந்தம் யோசித்தார். மறுஆய்வு என்று சொல்லி முப்பது நாள் நிறுத்திவைக்கலாம் என்று வைதேகி நினைவூட்டினார். நிறுத்திவைப்பதற்கு முன் ஒரு பிரதி மட்டும் மன்றத்தின் கோப்பில் இருக்க வேண்டும், அது தலைவரின் பொறுப்பில் இருப்பதுதான் முறை என்று பரமானந்தம் கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு பேனாவை எடுத்து உத்தரவில் கையெழுத்திட்டார். விரலில் இருந்த மோதிரம் தொண்ணூற்று ஆறு காட்டியது. புத்தகத்தை அவர் இன்னும் திறக்கவே இல்லை.