பட்டைத்தண்ணீர் வைத்தியம்

கொசு ஒன்று தானியேலின் வலது தோளில் வந்து உட்கார்ந்தது. ஆம்பூர்க் கொசு, ஜாதி, மதம், ஆஸ்பத்திரி எதையும் விசாரிக்காமல் கடிக்கிற இனம். தானியேல் இடது கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தான். கொசு கொஞ்சம் நடந்தது, மூக்கை ஊன்றியது, இடம் மாறி மறுபடியும் ஊன்றியது. பிறகு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆளைப் போலக் கிளம்பிப் போய், பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி அமிர்தவள்ளியின் முழங்கையைக் கடித்தது.

அவள் பட்டென்று அடித்துக்கொண்டாள். தானியேல் ஓங்கிய கையை மெதுவாக இறக்கினான்.

தோள் விஷயம் தெருவுக்கே தெரியும். சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில், சாய்ந்த மரக்கட்டையின்மேல் ஈரத்தோலைப் போட்டு, வளைந்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிறவன் தானியேல். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எருமைத்தோல் ஒன்றை இழுத்தபோது தோள்மூட்டு கழன்றது. நாட்டு வைத்தியர் ஏற்றிவிட்டார்; தும்மியபோது இறங்கியது. மறுபடி ஏற்றினார், வேதக்கோயிலில் பாட்டுப் புத்தகத்தை எடுத்தபோது இறங்கியது. கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அறுத்து, உள்ளே இழுத்துத் தைத்து அனுப்பினார். தமிழை வேதப்புத்தகத்தில் கற்றவர் அவர்.

"உன் விரல் நாள்தோறும் சுவரின்மேல் ஏறக்கடவது. பாரம் தூக்காதே. தையலின்மேல் தண்ணீர் படாதிருப்பதாக" என்றார்.

தானியேல் தினமும் சுவரைப் பார்த்து நின்று விரல்களை ஏற்றினான். மார்பு வரை ஏறின. அதற்குமேல், துருப்பிடித்த கதவை யாரோ உள்ளேயிருந்து உதைத்துத் திறப்பது போல வலி.

மேஸ்திரி மக்பூல் அகமது நலம் விசாரிக்க வந்தார்.

"இன்னாபா தானியேலு, கை இன்னா சொல்லுது?"

"வந்துட்டிருக்குது மேஸ்திரி."

"எங்கிருந்து, ஜோலார்பேட்டையிலிருந்தா? கூட்ஸ் வண்டிகூட இந்நேரம் வந்திருக்குமே." அமிர்தவள்ளி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். "பக்ரீத் முடிஞ்சா தோலு வண்டி வண்டியா வந்து எறங்கும். அதுக்குள்ள கையைத் தலைக்குமேல தூக்கிக் காட்டு, கட்டை உன்னுது. இல்லாட்டி கோவிந்தசாமிக்குக் குடுத்துடுவேன். என்னைப் பேஜார் பண்ணாதே."

கோவிந்தசாமிக்கு இரண்டு தோள்கள் இருந்தன. வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. கட்டையை இழந்தவனுக்கு அந்த ஷாப்பில் இருந்த அடுத்த வேலை, உதிர்ந்த மயிரைக் கூடையில் வாரி ஆற்றங்கரைக்குச் சுமப்பது. அதற்கும் இரண்டு தோள் வேண்டும்.

வைத்தியத்தைச் சொன்னவன் சத்தார். பட்டைத்தொட்டியில் வேலை, தானியேலுக்கு உயிர்த்தோழன்.

"தோஸ்த், இது அறுத்த தோலு. ஈரம் காயலே. நம்ம ஷாப்புல ஈரத்தோலை இன்னா பண்றோம்?"

"ஆவாரம் பட்டைத் தண்ணியில ஊறப்போடறோம்."

"அழுகுதா?"

"இல்லே."

"பின்னே? எருமைக்கு ஒத்துக்கறது உனக்கு ஒத்துக்காதா? எருமையைவிட நீ ஜாஸ்தியா?"

"தண்ணி படக்கூடாதுன்னாரே டாக்டரு."

"இது தண்ணியா? பட்டை."

தொழில் தெரிந்தவர்கள் என்பதால் முறைப்படி செய்தார்கள். முதலில் நாள்பட்ட தொட்டியின் நீர்த்த சாறு, பிறகு புதுத்தொட்டியின் கெட்டிச் சாறு. சத்தார் சட்டியில் கொண்டுவருவான். தானியேல் துணியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். வலி குறைந்தது. விரல்கள் கழுத்து உயரம் ஏறின, கண் உயரம் ஏறின. வலி நின்றே போனது. அப்போதுதான் அந்தக் கொசு வந்தது.

கொசு போனபின் தானியேல் தோளைத் தடவிப் பார்த்தான். விரலுக்குத் தோள் தெரிந்தது. தோளுக்கு விரல் தெரியவில்லை. தேநீர் நிறத்தில் ஒரு பழுப்பு, தையல் தழும்பைச் சுற்றி வட்டமாக, மார்புப் பக்கம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. கையைத் தூக்கினால், புதுச்செருப்பு போட்டவன் நடப்பது போல, உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம்.

"இன்னா வாசனைங்க இது?" என்றாள் அமிர்தவள்ளி. "ஷாப்பு நாத்தம் எனக்குப் பழக்கந்தான். இது அது இல்லே. உங்க பக்கத்துல படுத்தா செருப்புக் கடையில படுத்தாப்ல இருக்குது."

அவளே ஊசியை எடுத்துவந்தாள். தழும்புக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. கட்டைவிரலால் பலமாக அழுத்தினாள். டப்பென்று ஒரு சிறு சத்தத்தோடு உள்ளே போனது. இழுத்தெடுத்தாள். ரத்தம் இல்லை. சுத்தமான, வட்டமான ஓட்டை. அவள் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை.

மறுநாள் தானியேல் சத்தாரிடம், "நிறுத்திடலாமாடா?" என்றான்.

"பாதியிலயா?"

பாதி பதமான தோல் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். பச்சைத்தோலைவிட மோசம். பாளம் பாளமாக வெடிக்கும். சத்தார் அன்று கடுக்காய்ச் சாறு கொண்டுவந்தான். அதற்கடுத்துப் புங்கெண்ணெய். பழுப்பு கழுத்தில் ஏறியது. வலது விலாவில் இறங்கியது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குள் கிறீச்சென்றது. ஆனால் விரல்கள் நெற்றி உயரம் ஏறிவிட்டன; பக்ரீத்தும் நெருங்கிவிட்டது. தானியேல் எண்ணெயைத் துடைத்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கையைக் காட்டப் புறப்பட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷாப்பு திறந்திருக்கும், ஆள் இருக்காது. மேஸ்திரியும் சத்தாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். தோல் உலர்த்தும் கொட்டகைக்குள் மட்டும் பட்டை வாசனையோடு ஒரு பழுப்பு நிழல், மூங்கில்களில் வரிசை வரிசையாகத் தொங்கும் தோல்கள், பாலாற்று மணலைத் தொட்டு வரும் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சன்னமான சத்தம். தானியேல் வரிசைகளுக்கு நடுவே நின்று காத்திருந்தான். காற்று நின்றது. தோல்கள் நிற்கவில்லை.

அவர்கள் வருவதற்குள் ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

தூக்கினான். மார்பு. கண். நெற்றி. தலைக்குமேல். வலி இல்லை. தானியேல் சிரித்துவிட்டான். விரல்கள் இன்னும் மேலே போய் மூங்கிலைத் தொட்டன. மடங்கின. பிடித்துக்கொண்டன.

இறங்கு என்றான்.

இறங்கவில்லை.

இடது கையால் விரல்களைப் பிரித்துப் பார்த்தான். காய்ந்த தோலின் ஓரம் போல அவை உள்நோக்கிச் சுருண்டிருந்தன. கொட்டகையின் உலர்ந்த காற்று மறுபடி வீசியது. கிறீச். முழங்கை இறுகியது. கிறீச். தோள் இறுகியது. காயும்போது தோல் சுருங்கும். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குதிகால் தரையைவிட்டு எழும்பியது. பிறகு பாதம். பிறகு கட்டைவிரல் நுனி மட்டும் மண்ணைக் கீறியது.

பிறகு அதுவும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம். பேச்சு. சிரிப்பு. தொழுகை முடிந்துவிட்டது. தானியேல் வாயைத் திறந்து கூப்பிட்டான். கிறீச் என்றது.

மேஸ்திரி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். ஒவ்வொரு தோலையும் இரண்டு விரலால் கிள்ளி, கண்ணை மூடி, தரம் சொல்லிக்கொண்டே வந்தார். "இது ஃபஸ்ட்டு. இது ரெண்டு. இது கம்மி." பின்னால் சத்தார்.

மேஸ்திரி தானியேலின் மார்பைக் கிள்ளினார். கண்ணைத் திறக்கவில்லை.

"வாரே வா. யாரு பதம் பண்ணது? கண்ணாட்டம் இருக்குது."

சத்தார் அண்ணாந்து முகத்தைப் பார்த்தான். நேராக. தானியேலின் கண்கள் அவனைப் பார்த்து அசைந்தன. சத்தார் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

"தானியேலு இன்னிக்கு வர்றேன்னான் மேஸ்திரி. காணோம்."

"இனிமே எங்க வரப்போறான்? கட்டையைக் கோவிந்தசாமிக்குக் குடுத்துடு." மேஸ்திரியின் விரல்கள் பின்பக்கமாகப் போய் விலாவை அமுக்கின. முகம் சுளித்தது. "எவன்டா சீவாமயே தொட்டியில போட்டது? உள்ள பூரா சதை ஒட்டிட்டிருக்குது பாரு. கோவிந்தசாமியையே எடுத்துட்டுப் போய்ச் சீவச் சொல்லு."

கோவிந்தசாமி வந்தான். மூங்கிலிலிருந்து உருவினான். இரண்டு தோளிலும் போட்டுச் சுமந்தான், நல்ல பலசாலி. கட்டையின்மேல் குப்புறக் கிடத்தினான். கன்னத்துக்குக் கீழே குளிர்ந்த, வழவழப்பான மரம். வளைந்த கத்தி கல்லில் தீட்டப்படும் சத்தம். மேலே போய், கீழே வந்து.

வலது பக்கம் எது பட்டாலும் தானியேலுக்கு ஒன்றும் தெரியாது.

கோவிந்தசாமி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.