விளக்குத் தண்டில் கடைந்த புஷ்

பெல்ட் மாட்டாத லேத்துக்கு அடியில் கடைசல் சுருள் விழுந்து கிடந்தது.

சுவாமிநாதன் கதவைத் திறந்த கையோடு நின்றுவிட்டார். லேத்தை வண்டியிலிருந்து இறக்கிப் பத்து நாள்தான் ஆகிறது. மோட்டார் வரவில்லை, பெல்ட் வரவில்லை, கரண்டுக்கு எழுதிப் போட்ட மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. ஆனாலும் தரையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்கு நேர் கீழே, வெளுத்த சுருள் ஒரு பிடி. இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை. எடுத்து முகர்ந்தால் நகம் கருகின வாசம் அடித்தது. எலி எதையோ கொறித்துப் போட்டிருக்கும் என்று கூட்டித் தள்ளிவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அங்கே ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷமாக லேத்தில் சாமான் கடைகிற டர்னர். இந்த 1962 முடிந்து தை பிறந்தால் ரிட்டயர். அவர் கடைந்த சாமான் இல்லாமல் அந்த மலையில் ஒரு வண்டி ஏறினதில்லை, நேற்று வந்த சூப்பர்வைசர், "பெரியவரே, கண்ணு தெரியுதா?" என்று கேட்கிறான். கேட்கட்டும். பெருமாள்மலையில் சொந்த வீடு, சொந்த லேத்து, வாசலில் தன் பெயர் எழுதின பலகை. இனி எவனுக்கும் சலாம் போட அவரால் ஆகாது. அதற்காகத்தான் பின்னறையைக் காலி செய்தார். மனைவி கந்தம்மாள் பூண்டு கட்டித் தொங்கவிடுகிற அறை அது. மேல்மலையிலிருந்து அவள் அண்ணன் அனுப்புகிற பூண்டு.

"அப்ப என் சோலிய எங்க வச்சுப் பாக்குறதுங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

இன்னொன்றும் நடந்திருந்தது. வாங்கினது பழைய லேத்து. சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ், அந்தப் பித்தளை வளையம், தேய்ந்து போயிருந்தது. நல்ல பித்தளை தேடி அலைய அவருக்குப் பொறுமை இல்லை. கந்தம்மாளின் தாய்வீட்டுச் சீதனமாக வந்த குத்துவிளக்கைக் கழற்றி, மேலே மூன்று, நடுவே இரண்டு என்று வளையம் ஓடின, மணிக்கட்டு கனத்தில் இருந்த அதன் தண்டை, அவளைக் கேட்காமலே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் அறுத்துக் கடைந்து புஷ்ஷாக்கி மாட்டினார். அச்சாகப் பொருந்தியது. அன்று சாயங்காலம் அவள் விளக்கின் பீடத்தையும் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டித் தள்ளின மறுநாளும் லேத்துக்கு அடியில் சுருள். பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து திறந்தால், மெல்லிசாக, ஒரே சீராக, கைதேர்ந்த டர்னர் கடைசிச் சீவல் எடுத்த மாதிரி அதே வெள்ளைச் சுருள். சக்கில் ஒன்றும் இல்லை. கருகல் வாசத்தோடு லேசாக மஞ்சள் வாசமும் கலந்திருந்தது. கந்தம்மாள் பூசிக் குளிக்கிற மஞ்சள்.

அந்த வெள்ளிக்கிழமை கஞ்சி ஊற்றும்போது அவள் கண்ணாடி வளையல் தானாக நழுவிக் கஞ்சிக்குள் விழுந்தது.

"எளச்சுட்டியே புள்ள."

"வலியெல்லாம் இல்லங்க. மத்தியானம் சித்த படுத்தா சுத்துது."

"தலையா?"

"தலை இல்லங்க. நானே சுத்துறேன்."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், கனம் அளக்கிற காலிப்பரை எடுத்து, விளையாட்டுப் போல, அவள் மணிக்கட்டை அளந்தார். மறுநாள் அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, குறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு அரை நூல். ஆஸ்பத்திரியில் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. மனுஷர் மணிக்கட்டு தட்டையாகத்தான் இருக்கும். இவளுடையது எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் ஒரே அளவு காட்டியது. உருண்டையாகிக்கொண்டிருந்தது.

"அந்தப் புஷ்ஷக் கழட்டிருங்களேன்," என்றாள்.

"கழட்டுனா லேத்து வெறும் இரும்பாத்தான் கெடக்கும். தைக்கு அப்புறம் நான் வாசல்ல உக்காந்து ஈ ஓட்டவா?"

எதையும் ஒரு தரம் கேட்பதோடு அவள் விட்டுவிடுவாள். கல்யாணமான நாளாக அப்படித்தான். அவருக்கும் அது வசதியாகவே இருந்து வந்தது.

கார்த்திகை தீபத்தன்று காலையில் அளந்தபோது ஒரே ராத்திரியில் முழு நூல் குறைந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கை ஓடவில்லை. போதும், லேத்தும் வேண்டாம், பலகையும் வேண்டாம், கழற்றி ஓடையில் எறிந்துவிடுவோம் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேரத்தோடே கிளம்பிவிட்டார். பெருமாள்மலையில் இறங்கும்போது பகலிலேயே மேகம் இறங்கிப் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியவில்லை. நனைந்த யூகலிப்டஸ் வாசம், யார் வீட்டிலோ பொரிக்குப் பாகு காய்கிற வாசம், வீட்டை நெருங்க நெருங்க அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு நகம் கருகும் வாசம். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவக் காலையிலருந்து காணலைங்க. கூப்புட்டும் சத்தமில்ல. வெரசா போய்ப் பாருங்க."

வீடு இருட்டாக இருந்தது. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது.

"கந்தம்மா."

பின்னறைக் கதவிடுக்கில் மட்டும் வெளிச்சம். பூட்டு போட்டபடி தொங்கியது. சாவி அவர் இடுப்பில்.

திறந்தார்.

தரை தெரியவில்லை. கணுக்கால் வரை சுருள். வெள்ளை. இன்னும் சூடு ஆறவில்லை.

லேத்தின் தலைமேல் குத்துவிளக்கின் தட்டு. அதில் ஒரு திரி எரிந்தது.

லேத்தில் கந்தம்மாள். படுக்கை வாக்கில். சக்கு அவள் கால்களைக் கவ்வியிருந்தது. கழுத்தில் கடைந்த மூன்று வளையம். இடுப்பில் இரண்டு. அந்த விளக்குத் தண்டில் இருந்த அதே வளையங்கள்.

சுழன்றாள். மெதுவாக.

முகம் மேலே வந்தது. மூக்கு இல்லை. உதடு இல்லை. வழவழவென்று இருந்தது. கீழே போயிற்று. மறுபடி மேலே வந்தது.

"அளந்து பாருங்க," என்றாள்.

ஸ்பானர் கையிலிருந்து நழுவிச் சுருளுக்குள் புதைந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

பெல்ட் இல்லை. மோட்டார் இல்லை. அவள் சுழன்றுகொண்டே இருந்தாள். புஷ்ஷிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அவ்வளவு கச்சிதமாகக் கடைந்திருந்தார்.