இரண்டு கதவுகளுக்கு ஒரு சாவி

மழைத்திரைக்குள் எல்லா டிரெய்லர்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. புயலில் வீடிழந்தோர்க்கு அரசு தந்திருந்த அந்தச் சக்கர வீடுகள், லூசியானாவின் சதுப்புக் கரையோரம் வெண்ணிறமாய் வரிசை கட்டி நின்றன. ஒரு கையில் உயிர் நண்டுகள் நிறைந்த வாளி, மறுகையில் சாவி… ஓடீல் பூட்டைத் திறந்து, தலை குனிந்து உள்ளே நுழைந்தாள்.

இருட்டில் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஐயோ… திருடன்!"

வாளி கவிழ்ந்தது. நண்டுகள் நாற்புறமும் ஓடின.

"ஏங்க, கத்தாதீங்க! இது என் வீடுங்க."

"பொய்! என் சாவிதானே திறந்துச்சு?"

"உங்க நண்டு ஒண்ணு என் கால்விரலைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. யாரு திருடன்னு அப்புறம் பேசிக்கலாமா?"

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. அவன் விளக்கைப் போட்டான். அடுப்புக்கு மேலே அவள் அறியாத ஓர் அம்மையாரின் படம், அதன்மேல் ஒரு ஜெபமாலை. வீடு மாறித்தான் வந்துவிட்டாள்! வெட்கத்தோடு அவனை நிமிர்ந்து நோக்கினாள். மழையில் நனையாதவனின் கண்கள் மட்டும் ஏன் நனைந்திருக்கின்றன…?

"மன்னிச்சுக்கோங்க. ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"பயமில்லைங்க." அவன் தயங்கினான். "சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சு. பழைய வீட்டுச் சாவி என்கிட்டயும் அம்மாகிட்டயும் மட்டும்தான் இருக்கும். ஒரு நிமிஷம்… அம்மா வந்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

வீட்டோடு சேர்த்து அவன் தாயையும் புயல் கொண்டுபோயிருந்தது. இருவரும் மண்டியிட்டு நண்டுகளைப் பொறுக்கினார்கள். புறப்படும்போதுதான் பெயர் கேட்டாள். எவரிஸ்ட்.

ஓடீலின் தந்தை ஆல்சீட் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "அப்போ அவன் சாவி நம்ம கதவையும் திறக்குமா?"

திறந்தது. அவசரமாகச் செய்த அந்த டிரெய்லர்களில் சில பூட்டுகளுக்கு ஒரே சாவிதான். வீட்டையும் இறால் படகையும் காற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். காப்பதற்கென்று அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கதவுதான்.

மறுநாளே எவரிஸ்ட் புதிய பூட்டொன்றை வாங்கிவந்து, தானே பொருத்தி, சாவிகளைப் பெரியவரின் கையில் வைத்தான். "எல்லாச் சாவியும் இதுல இருக்குங்க ஐயா. என்கிட்ட எதுவும் இல்ல."

"சரி தம்பி. இனிமே இந்தப் பக்கம் உனக்கு வேலையில்ல."

அவன் தலையசைத்துப் போனான். அன்று முதல் அவர்கள் வாசலைத் தவிர்த்து, பின்புறச் சேற்றில் இறங்கிச் சுற்றியே குழாயடிக்குப் போய்வந்தான். ஓடீல் சன்னலோரம் நின்று பார்ப்பாள். என்ன ரோஷம் இவருக்கு! ஒரு தடவை திரும்பிப் பார்த்தால்தான் என்னவாம்…

கோடை முடிந்தபோது செய்தி வந்தது. எவரிஸ்ட் புதிதாகக் கட்டிவந்த வீட்டுக்குக் கூரை வேய்ந்தாகிவிட்டது. அவனுடைய டிரெய்லரை இழுத்துச் செல்ல விடிந்ததும் லாரி வரும். நாளைக்கு அந்தக் கதவே அங்கே இருக்காது…

மாலையில் மீண்டும் மழை. ஓடீல் நண்டு கம்போக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆல்சீட் தம் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய சாவி!

"இது எதுக்குப்பா? நம்ம கதவைத்தான் திறக்காதே."

"நம்ம கதவுக்குன்னு யாரு சொன்னா?"

அவள் கிளறுவதை நிறுத்தினாள்.

"நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்னும் சேத்துலயே சுத்திப் போறான்மா அந்தப் பையன். படகு போனப்போகூட எனக்கு இவ்வளவு வெட்கமா இல்ல." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சட்டியில மூணு பேருக்குக் காணும். போய்க் கூட்டிட்டு வா… சோறு ஆறிடப் போகுது."

அவன் கதவின் முன் நனைந்தபடி நின்றாள். தட்டலாமா…? அவனும் புதுப் பூட்டுப் போட்டிருந்தால்? சாவியை நுழைத்தாள்.

திரும்பியது.

இருட்டில் அவன் எழுந்து நின்றான்.

"நீங்க… பூட்டை மாத்தவே இல்லையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"இந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்காதான்னுதான்." அவன் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். "முதல்ல அம்மாவுக்காகத்தான் காத்திருந்தேன்… அப்புறம் உங்களுக்காக."

கூரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. அவன் மெல்லக் கேட்டான்.

"வாளி கொண்டு வரலையா?"

"வரல." அவள் நிமிர்ந்து, அவன் கண்களையே பார்த்தாள். "இந்தத் தடவை வீடு மாறியும் வரல."